பென்சிலில் எழுதியவை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் மூன்று பேரும் எப்படி என்று நீ எழுதினால்தான் தெரியும். நீயோ மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், கடிதமே சரி என்று என் கல்யாணம் முடிந்த கையோடு நாம் செய்த ஏற்பாடு மறந்துவிட்டதா? அப்பா காலையில் எழுந்ததும் உன் பஸ்ஸைத்தான் விசாரிக்கிறார். "வண்டி நல்லா ஓடுதாமா?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் உன்னைக் கேட்கிறார்.

எனக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்கள் மருத்துவமனையில் நோய்களுக்கு எண் போடும் முறையை மாற்றுகிறார்கள். இதுவரை சர்க்கரையோ எலும்பு முறிவோ, மூன்று இலக்கம் போட்டுக் கோப்பை மூடிவிடுவேன். புது முறையில் ஏழு இலக்கம் வரை போகிறது. எந்தக் கை, எந்த விரல், விழுந்தது படியிலா ஏணியிலா, எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். கிளி கொத்தினால் ஓர் எண், வாத்து கடித்தால் வேறோர் எண். சத்தியமாகச் சொல்கிறேன். பதினோராயிரம் பழைய கோப்புகளையும் மார்ச் முடிவதற்குள் மாற்றியாக வேண்டும். எங்கள் மேலாளர் எதற்கும் "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க" என்பார். அதனால் அவருக்கு வெள்ளிக்கிழமை என்றே பெயர் வைத்துவிட்டோம்.

என்னோடு இரண்டு புதுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். எண்கள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காலமாகிவிட்ட எங்கள் பெரிய டாக்டரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் நிச்சயமாகத் தெரிந்த நோயை மையில் எழுதுவார், சந்தேகப்பட்டதைப் பென்சிலில் எழுதுவார். பிறகு நிச்சயமானால் அதன்மேலேயே பேனாவை ஓட்டுவார். பதினைந்து வருடம் அவரிடம் வேலை பார்த்த எனக்கு மட்டும்தான் இது தெரியும். புது முறையில் சந்தேகத்துக்கு எண்ணே கிடையாது. சந்தேகம் என்றால் காய்ச்சல், மயக்கம் என்று வெளியே தெரிந்த அறிகுறியை மட்டும்தான் போட வேண்டும். அதனால் "பென்சிலைப் பார்த்தா என்னைக் கூப்பிடுங்க" என்று அந்தப் பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சொன்ன தேதிக்கு வேலை முடிந்தால் பிரிவுத் தலைவி பதவி எனக்குத்தான் என்று பேச்சு அடிபடுகிறது. யாரிடமும் மூச்சு விடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அப்பாவுக்கும் அத்தானுக்கும் சொல்லிவிடு. நான், என் வீட்டுக்காரி, வாயாடி மகள் மூவரும் சௌக்கியம். வாயாடிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குறையவில்லை. வண்டி பிரமாதமாக ஓடுகிறது என்று அப்பாவிடம் சொல். போன மாதம்தான் ஆறு டயரும் மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல், நிம்மதியாகத் தூங்குவார்.

உன் கடிதத்தை டெப்போ ஓய்வறையில் வாசித்துக் காட்டினேன். வாத்து கடித்தால் எண் இருக்கிறதே, நிறுத்தம் இல்லாத இடத்தில் கைகாட்டி டிரைவரின் உயிரை எடுக்கிறவர்களுக்கு எண் உண்டா என்று எங்கள் நடத்துநர் கேட்கச் சொன்னார்.

சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரம் மத்தியானம் ஓய்வறையில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது நாக்கின் ஓரம் கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். நான்கு நாளாக எதையும் மெல்ல முடியவில்லை. வாயாடிக்குப் பல் இல்லை, எனக்கு நாக்கு இல்லை, இருவரும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டோம். தோளும் முறுக்கிக்கொண்டது போல வலிக்கிறது. முப்பத்தாறு வயதிலேயே கிழவனாகிவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரலில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடத்திலிருந்து பழைய மருத்துவக் குறிப்புகளையும் ஆர்.டி.ஓ. ஆபீஸே நேராகக் கேட்டு வாங்கிவிடுமாம். என் கோப்பு உங்களிடம்தானே இருக்கிறது. அக்கா கையில் இருக்கும்போது எனக்கென்ன.

தலைவி ஆனதும் என்னை மறந்துவிடாதே.

தம்பி

*

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வாயாடிக்குப் பல் முளைத்ததா? அப்பா டயர் விஷயத்தைக் கேட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

முடித்துவிட்டோம். பதினோராயிரமும் முடிந்தது. வெள்ளிக்கிழமை கேக் வாங்கி வந்து, எல்லோர் முன்னாலும் என்னை வெட்டச் சொன்னார். நாளையிலிருந்து நான் பிரிவுத் தலைவி. கதவு வைத்த அறை, சுழலும் நாற்காலி. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லாத நேரத்தில்.

கடைசி வாரம் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. கோப்புகளைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கி வர நேரமில்லை என்று, ஸ்கேன் செய்த பக்கங்களைத் திரையிலேயே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு விதத்தில் வசதிதான். எல்லா எழுத்தும் ஒரே கறுப்பாகக் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது. காகிதங்கள் இனி தேவையில்லை. ஜூன் இருபதாம் தேதி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டும் வண்டி வருகிறது.

உன் நாக்கு ஆறிவிட்டதா? அன்றைக்கு நீயாக எழுந்தாயா, யாராவது உலுக்கி எழுப்பினார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், அப்பா எப்படி இருக்கிறார்?

என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். உங்கள் மருத்துவமனையிலிருந்து வந்த தாளில் என் பெயருக்கு நேரே ஓர் எண் இருக்கிறதாம். அதற்கு அர்த்தம் வலிப்பு நோய். சந்தேகம் என்றுகூட இல்லை, நோய் இருக்கிறது என்று. வலிப்பு உள்ளவனுக்குப் பயணிகள் வண்டி ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பெண் அந்த எண்ணைத் திரையில் காட்டி, "இது இருந்தா நாங்க ஒண்ணும் செய்ய முடியாது சார்" என்றாள். நல்ல பெண்தான், என் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாசலில் விழுந்தேன். நீதான் என்னைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனாய். அவர் என்ன சொன்னார்? "ஒரு தடவை விழுந்ததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, மறுபடி வந்தா பாத்துக்கலாம்" என்றார். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். அப்படியானால் அந்த எண்ணைப் போட்டது யார்?

ஜூன் முப்பதாம் தேதி மருத்துவக் குழு கூடுகிறது. அதற்குள் அது தவறு என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் அடியோடு ரத்து. இப்போதைக்கு டெப்போவில் உட்கார்ந்து எந்த வண்டிக்கு எந்த டயர் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. தினமும் யூனிபார்ம் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

யார் என்று பார்த்து உடனே எழுது.

தம்பி

*

மே 9

அக்காவுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. உனக்கு உடம்பு சரியில்லையா, என் கடிதம் வரவில்லையா? ஒரு வரி போதும்.

நேற்று வாயாடி என்னிடம், "உன் பஸ்ல என்னை எப்ப கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

தம்பி

*

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கடைசி வாரம் எல்லோரும் அவசர அவசரமாகச் செய்தோம். புதுப் பெண்களில் ஒருத்தி தவறிப்போய் அழுத்தியிருக்கலாம். பழைய வழக்கமெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. எண்ணை மாற்ற வேண்டுமானால் மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒரு தடவைக்குப் பிறகு நீ எப்போதாவது விழுந்ததுண்டா? நாக்கு கடிபட்டதைப் பற்றிப் போன கடிதத்தில் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை.

அப்பாவிடம் வண்டி ஓடுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

மே 23

அக்காவுக்கு,

நீ எனக்கு அக்காவா, அந்த மருத்துவக் குழுவில் ஒருத்தியா? வேலை போய் நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ளாத மனிதன் இருக்கிறானா? அதை விடு.

அந்தப் பெண்ணின் பெயரை எழுது. நான் அவள்மேல் புகார் கொடுக்கப் போகிறேன். குழுவுக்கும் ஒரு நகல், உங்கள் மருத்துவமனைக்கும் ஒரு நகல். அவள் வேலை போனால் போகட்டும், என் வேலை போனதே. படிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு என்ன பாடு என்று அவளுக்கும் தெரியட்டும்.

வீட்டில் தெரிந்துவிட்டது. டெப்போ பக்கம் காய்கறி வாங்க வந்த என் வீட்டுக்காரி, டயருக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வாயாடியைப் பள்ளிக்குக் கொண்டுவிட என் பைக்கைத் தருவதில்லை, அவளே நடத்திக் கூட்டிப் போகிறாள்.

பெயரை எழுது, அக்கா.

தம்பி

*

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டாதே, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

புகாரில் எழுத நீ கேட்ட பெயர் என்னுடையது.

கடைசி வாரம் திரையில் பார்த்து முடித்தவை ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோப்புகள். ஸ்கேன் பக்கத்தில் பென்சிலும் மையும் ஒரே கறுப்பாகத்தான் வரும். அது எனக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கீழே போய்க் காகிதத்தோடு ஒத்துப் பார்த்திருந்தால் தேதி தவறியிருக்கும், இந்த நாற்காலி வேறு யாருக்காவது போயிருக்கும். நான் போகவில்லை. மொத்தமாகச் சரி என்று ஒப்புதல் கொடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் பெயர் திரையில் வந்தபோது நான் பார்த்தேன். நம் தம்பி பெயர் என்று நினைத்துச் சிரித்துக்கூட இருப்பேன். கை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் புதுப் பெண் தலையில் பழியைப் போட்டு எழுதியது என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம். அவள் தினமும் காலையில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறாள்.

உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று எழுதியது பொய். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பென்சில் கோப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு. உன்னுடையது அதில் ஒன்று. இன்னொன்று ஒரு பெண்ணுடையது. பெரிய டாக்டர் காசநோயோ என்று பென்சிலில் எழுதி, பிறகு இல்லை என்று கண்டு குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறார். கோடு அழிந்தாற்போல இருந்தது. புது எண்ணில் அவளுக்குக் காசநோய். போன மாதம் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை கைநழுவிப் போனது ஏன் என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமையிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசினார். "உங்க தம்பி கோப்பை மட்டும் நான் கையெழுத்துப் போட்டு மாத்தித் தர்றேன். மத்ததைத் தோண்டாதீங்க. இருபதாம் தேதி வண்டி வந்துட்டுப் போயிட்டா, பென்சிலுக்கும் பேனாவுக்கும் சாட்சி கிடையாது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்படிச் சொன்னதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கோப்பின் அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். வெளியே எடுத்தது தவறு, ஆனாலும் எடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார், பென்சில் பளபளக்கும். குழுவிடம் இதைக் காட்டினால் போதும், வண்டி உனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமையின் கையெழுத்தும் வேண்டுமென்றால் சொல், வாங்கித் தருகிறேன். மற்றவர்களைப் பற்றிப் பிறகு யோசிப்போம். நீ என் தம்பி.

நாக்கைப் பற்றி மூன்றாவது முறை கேட்க மாட்டேன். ஆனால் பதினெட்டு வருடமாக நான் இந்தத் தாள்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே.

அக்கா

*

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இருக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. நாற்காலிக்காக என்னை விற்றுவிட்டாய் என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு அந்தத் தாளை ஜன்னலில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். பளபளத்தது. நான் தப்பித்துவிட்டேன் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம்தான் என்னை உலுக்கிவிட்டது, அக்கா.

வாசலில் விழுந்ததற்குப் பிறகு மூன்று தடவை வலிப்பு வந்தது. முதலாவது போன வருடம், குளியலறையில். இரண்டாவது நான் உனக்கு எழுதியது. நான் கண்ணயரவில்லை. உட்கார்ந்திருந்தவன் விழுந்திருக்கிறேன், நடத்துநர்தான் வாயில் துணி வைத்துப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் நான் வண்டி எடுத்தேன். மூன்றாவது மார்ச் மாதம், வண்டியில். நிறுத்தத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டேன். அது வரைக்கும்தான் ஞாபகம். கண் திறந்தபோது நடத்துநர் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நாற்பது பேர், டிரைவருக்குத் தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். முன் இருக்கையில் வாயாடி வயதில் ஒரு பெண் குழந்தை ஜன்னலோடு உட்கார்ந்திருந்தது. பத்து விநாடி முன்னால் வந்திருந்தால், நான் பாலத்தின்மேல் இருந்திருப்பேன்.

நடத்துநரைக் கெஞ்சி வாயை அடைத்தேன். உன்னிடம் மறைத்தேன். தவறு உங்கள் பக்கம் என்று தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். யாரோ ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கவும் தயாராக இருந்தேன்.

என் வீட்டுக்காரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவளுக்குப் பாதி முன்னமே தெரியும், அதனால்தான் பைக்கைத் தரவில்லை. நேற்று இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும், நீ அனுப்பிய பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் மையில்தான் எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமையின் கையெழுத்து எனக்கு வேண்டாம். மற்ற இருநூற்றுப் பதினொரு பேருக்கும் உங்கள் மருத்துவமனையில் அக்கா கிடையாது. இருபதாம் தேதிக்கு ஏழு நாள் இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா நலம். உன் அத்தான் நலம். நான் நேற்று வயிறாரச் சாப்பிட்டேன், இரண்டு மாதத்துக்குப் பிறகு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருபாடு அழுதேன். போனில் பேசாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பதினேழாம் தேதி காலையில் இருநூற்றுப் பதினொரு கோப்புகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, பெரிய டாக்டரின் மகளுடைய அறைக்குக் கொண்டுபோனேன். இப்போது மருத்துவமனையை நடத்துவது அவர்தான். அந்தப் புதுப் பெண்தான் என்னோடு வண்டியைத் தள்ளினாள். லிஃப்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வண்டியை விடவில்லை, கடைசிவரை தள்ளினாள்.

டாக்டரம்மா முதல் கோப்பைத் திறந்து தன் அப்பாவின் பென்சில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது தெரிஞ்சும் ஒப்புதல் குடுத்தீங்களா?" என்று கேட்டார். "தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இருநூற்றுப் பதினொரு பேருக்கும் கடிதம் போகிறது. காப்பக வேலையை இழந்த பெண்ணுக்கான கடிதத்தில் என் பெயரையும் போடச் சொன்னேன். பிரிவுத் தலைவி பதவி போய்விட்டது. கதவும் சுழல் நாற்காலியும் அடுத்த ஆளுக்கு. திருத்த வேலை முடியும்வரை பழைய மேசையில் இருக்கலாம், அதற்குமேல் உறுதியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன், இனி நீ வண்டி ஓட்ட மாட்டாய் என்று. உடனே, "அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். முதல் தடவையாக உன்னை முதலில் கேட்டிருக்கிறார். நீ வாயாடியைப் பஸ்ஸில் கூட்டிப் போ. டிரைவருக்குப் பின் இருக்கையில் ஜன்னல் ஓரமாக இருவரும் உட்கார்ந்து போங்கள்.

நேற்றுத் திருத்த வேலையைத் தொடங்கினோம். இந்த முறை காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான். முதலில் உன் கோப்பைத்தான் எடுத்தேன். பெரிய டாக்டரின் பென்சில் பக்கத்தையும், உன் டாக்டரின் மைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். திரையில் இருந்த ஏழு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மாற்ற ஒன்றுமில்லை. எண் ஏற்கெனவே சரியாக இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. பிறகு ஒப்புதல் கொடுத்தேன். இந்தத் தடவை படித்துவிட்டுக் கொடுத்தேன்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

அக்கா